கெட்டிமேளத்துக்குக் குறுக்கே நிற்பவர்

தாலியை இரண்டாம் தடவை கட்டச் சொல்லும் அதிகாரம் தமிழ்நாட்டில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது. ஐயர் சொன்னால் அபசகுனம் என்பார்கள். சம்பந்தி சொன்னால் சண்டையாகிவிடும். கழுத்தில் கேமராவோடு நிற்கிற தம்பி, "சார், கை மறைச்சிருச்சு, இன்னொரு வாட்டி அப்படியே பிடிங்க" என்றால் மட்டும் மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் கையைத் தூக்குகிறார். தவில்காரர் கூடுதலாக ஒரு சுற்று வாசிக்கிறார். அடுத்த முடிச்சுப் போட வந்த நாத்தனார் குனிந்தபடியே காத்திருக்கிறார். கீழே அட்சதையோடு நிற்கும் கூட்டத்துக்குத் தெரிவது போட்டோகிராபர்களின் முதுகுதான்.

இவ்வளவு அதிகாரம் உள்ளவர் எதைக் கற்றிருக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது, தவறினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு ஊருக்கு ஊர் ஒரு பதில் கிடைக்கும். வீட்டு ஒயரிங் பார்ப்பவருக்கு உரிமம் உண்டு. ஆட்டோ ஓட்டுபவருக்கும் உண்டு. கல்யாணம் எடுக்கக் கேமராவும் விசிட்டிங் கார்டும் போதும். இப்போது கார்டுகூட வேண்டாம், இன்ஸ்டாகிராம் பக்கம் போதும். உரிமம் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒன்று வந்தால் இன்னொரு அலுவலகமும் இன்னொரு கைநீட்டலும்தான் மிச்சமாகும். ஆனால் உரிமம் இல்லாத தொழிலுக்கு எழுதிவைத்த முறையாவது இருக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாண போட்டோகிராபர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. இல்லாதது அந்த முறைதான்.

முன்பும் அது எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. வேறு ஒன்று அதன் வேலையைச் செய்தது. மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1850களிலேயே தொடங்கிய ஊர் இது. முதல் பல பத்தாண்டுகள் படம் எடுப்பது துரைமார்களும் ஜமீன்களும் தொட்ட விஷயம். பிறகு சிற்றூர்க் கடைத்தெரு வரை ஸ்டுடியோக்கள் வந்தன. அன்றைக்குக் கேமரா கல்யாணத்துக்கு வராது. கல்யாணம் முடிந்த ஜோடிதான் பட்டும் மாலையுமாகக் கேமராவைத் தேடிப் போகும். திரைச்சீலையில் வரைந்த மாளிகை, ஒரு நாற்காலி, அதில் மாப்பிள்ளை உட்கார, பக்கத்தில் பெண் நிற்பாள். இப்படிப்பட்ட பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேகரித்து மின்படமாக்கியிருக்கிறது. பார்த்தால், அன்றைய தொழில் ஒழுங்கு எங்கே இருந்தது என்பது புரியும். அது ஸ்டுடியோவின் பெயர்ப்பலகையில் இருந்தது. படத்தின் அட்டையில் ஸ்டுடியோவின் பெயரை அச்சிட்டுக் கொடுத்தவர் அந்த ஊரைவிட்டு ஓடப் போவதில்லை.

பிறகு கேமரா மண்டபத்துக்கு வந்தது. 120 பிலிமில் சதுரமாக எடுத்தால் ரோலுக்கு 12 படம், 35 எம்.எம். என்றால் 36. ஊட்டியில் 1960இல் மத்திய அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமை உள்நாட்டிலேயே தந்தது. ஆனாலும் பிலிம் காசுதான். மாங்கல்யத்துக்கு இரண்டு, மாலை மாற்றலுக்கு ஒன்று, அம்மி மிதிப்பதற்கு ஒன்று, மற்றதெல்லாம் குரூப் போட்டோ என்று கணக்குப் போட்டுத்தான் எடுப்பார்கள். எப்போது அமுக்க வேண்டும் என்பதைவிட எப்போது அமுக்கக் கூடாது என்று தெரிந்தவர்தான் தொழில் தெரிந்தவர்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அக்காவின் கல்யாணம் 1991இல் நடந்தது. எடுத்தவர் தெருமுனை ஸ்டுடியோக்காரர். ரோலின் நுனி உள்ளே பல்சக்கரத்தில் சரியாக மாட்டவில்லை. மேலே எண் நகர்ந்துகொண்டே போனது. உள்ளே பிலிம் நகரவேயில்லை. லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. முகூர்த்தத்தின் 36 படங்களில் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் காலை அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாங்கிய அட்வான்ஸைத் திண்ணையில் வைத்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அக்காவின் வளைகாப்புக்கும், பிள்ளைக்குக் காதுகுத்திய நாளுக்கும் அவராகவே வந்து எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. தொழில் தெரியாமல் கெடுத்தவர்தான். ஆனால் வாசலில் வந்து நிற்கத் தெரிந்தவர். இன்று அதே தவறு நடந்தால் எந்த வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் இன்று நாம் அமர்த்துவது ஆளை அல்ல, இன்ஸ்டாகிராம் பக்கத்தை. பக்கத்தில் பார்த்த படங்களை எடுத்தவர் ஒருவர். போனில் பேசி பேக்கேஜ் சொல்பவர் இன்னொருவர். முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலு மணிக்குப் பையோடு வந்து இறங்குபவர் மூன்றாமவர். அவரை அனுப்பியவருக்கே அவரை முந்தாநாள்தான் தெரியும். கேமரா வாடகை, லென்ஸ் வாடகை, ஆளும் ஒரு நாள் கூலி. இதற்குப் பின்னால் ஒரு பஞ்சாங்கக் கணக்கு இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வளர்பிறை முகூர்த்தம் ஒன்று வந்தால் ஊரில் உள்ள மண்டபமெல்லாம் நிரம்பும். அந்த ஒரு நாளில் வரும் ஐந்து ஆர்டரையும் விட மனசு வராது. விடவும் முடியாது, அடுத்த இரண்டு மாதத்துக் கடை வாடகை அதில் இருக்கிறது. ஆள் வைத்துச் செய்வதில் தவறில்லை. சமையல் கான்ட்ராக்டரும் அப்படித்தான் செய்கிறார். ஆனால் சமையல்காரர் மாறினால் சாம்பார் மாறும் என்று நமக்குத் தெரியும், கேட்கிறோம். படம் எடுப்பவர் யார் என்று கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. மற்றவர் எடுத்த படங்களை இறக்கித் தம் பக்கத்தில் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. இருபது கல்யாணத்தில் பொறுக்கிய இருபது படத்தைப் பார்க்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் கேளுங்கள். மங்கிய வெளிச்சத்தில், மூலையில் இருந்த பந்தியில், களைத்த மூன்றாம் மணி நேரத்தில் எப்படி எடுத்திருக்கிறார் என்பது அதில்தான் தெரியும்.

அடுத்தது, எடுத்ததைக் காப்பாற்றுவது. இது கலையில் சேராது, ஒழுக்கத்தில் சேரும். 2018இல் நிக்கான் இசட் 6, இசட் 7 கேமராக்களும் கேனன் ஈஓஎஸ் ஆர் கேமராவும் வந்தபோது உலகம் முழுக்கக் கல்யாணம் எடுப்பவர்கள் முணுமுணுத்தார்கள். காரணம், அவற்றில் மெமரி கார்டு போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. இரண்டு இடம் இருந்தால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியவைக்கலாம். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். 2020இல் வந்த அடுத்த மாடல்களில் இரு நிறுவனங்களும் இரண்டு இடம் வைத்தன. கம்பெனிகளே இறங்கிவந்த விஷயம் இது. நம் ஊரிலோ இரண்டு இடம் இருக்கிற கேமராவிலும் ஒரே கார்டைப் போட்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல சார்" என்பார்கள். ஆனதில்லை என்பது அந்தக் குடும்பத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

இதில் நல்லவர்கள் செய்யும் வேலைகள் வெளியே தெரியாதவை. முகூர்த்தத்துக்கு முன்னால் நாலு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைப்பார்கள். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் தாலி கட்டிய பிறகு மாலை மாற்றல் வரும். மண்டபத்தைவிட்டுக் கிளம்பும் முன் கார்டுகளை லேப்டாப்பில் இறக்குவார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை. ஆல்பம் கையில் கிடைத்துவிட்டது, இனி எதற்கு என்று வீட்டாரும் இருந்துவிடுகிறார்கள். படம் அழகுப் பொருள் மட்டும் இல்லையே. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். பதியாமல் விட்டு, நாளை கல்யாணமே நடக்கவில்லை என்று ஒரு தரப்பு கோர்ட்டில் நின்றால் முதலில் தேடுவது போட்டோவைத்தான். அந்தக் காலத்தில் நெகட்டிவைக் கேட்பார்கள். இப்போது 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். சீர்வரிசையை வரிசையாக அடுக்கி எடுக்கும் படத்துக்கும் இப்படி ஒரு மறுவாழ்வு உண்டு. வழக்கென்று வந்துவிட்டால் எந்தத் தட்டில் என்ன இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது. சடங்கு தெரியாதவர் கல்யாணம் எடுக்கக் கூடாது.

ஐயர் வீட்டிலும் ஐயங்கார் வீட்டிலும் பெண் தகப்பனார் மடியில் உட்கார்ந்திருக்கும்போது தாலி ஏறுகிறது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை கையை மட்டும் குறிவைப்பவர், அந்தக் கல்யாணத்தின் ஒரே அழுகையைத் தவறவிடுகிறார். அது தகப்பனார் முகத்தில் இருக்கிறது. கொங்குப் பகுதியில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரிய இணைச்சீர் தாலிக்கு முன்னாலேயே நடக்கிறது. சென்னையிலிருந்து போகும் டீம் அந்த நேரத்தில் பெண் அறையில் லிப்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டிருக்கும். நகரத்தார் வீட்டில் கழுத்திரு என்ன என்று தெரியாதவருக்கு எந்த நகையை நெருங்கி எடுப்பது என்று எப்படித் தெரியும்? இஸ்லாமிய வீடுகளில் நிக்காஹ் ஓரிடத்தில், பெண்கள் ஓரிடத்தில். பெண்கள் பக்கத்துக்குப் பெண் போட்டோகிராபர்தான் போக வேண்டும் என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசாமல் மண்டப வாசலில் வந்து கையைப் பிசைவது தொழில் இல்லை. சர்ச்சில் பீடத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் போகலாம் என்று பாதிரியாரை முதல் நாளே கேட்டுக்கொள்கிறவரை எனக்குத் தெரியும். அவரை எந்தச் சர்ச்சும் திருப்பி அனுப்பியதில்லை.

சுயமரியாதைத் திருமணம் வேறொரு பாடம். அண்ணா ஆட்சியில், 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் ஏற்பு பெற்ற முறை அது. மாலை மாற்றினால் கல்யாணம் முடிந்தது. வாழ்த்துரைதான் இரண்டு மணி நேரம். மேடையில் சாமானை விரித்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் முடிந்துபோன கதைகள் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் கல்யாணத்தில் பொன்னுருக்கு என்று ஒரு நாள் தனியாக இருக்கிறது. தாலிக்கான பொன்னை ஆசாரி உருக்குகிற நாள். டொராண்டோவிலும் லண்டனிலும் அதை எடுக்க வரும் வேற்று நாட்டுக்காரருக்கு, அந்தச் சிறு நெருப்புக்கு முன்னால் இத்தனை பேர் ஏன் கூடி நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். சொல்லிக்கொடுப்பது வீட்டாரின் வேலை. கேட்டுக்கொள்வது அவர் வேலை.

சடங்கு தெரிந்தவர் மேடையை மறிப்பதும் இல்லை. அடுத்தது என்ன என்று தெரிந்தால் முன்கூட்டியே போய் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். தெரியாதவர்தான் கடைசி நொடியில் குறுக்கே பாய்கிறார். அங்கிருந்துதான் "இன்னொரு வாட்டி" பிறக்கிறது.

கேண்டிட், ட்ரெடிஷனல் என்று தொழில் இரண்டாகப் பிரிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. கேண்டிட் எடுப்பவருக்குக் கூலி அதிகம், மரியாதை அதிகம். ட்ரெடிஷனல் எடுப்பவர் மேடையில் நின்று, வரிசையில் வரும் ஒவ்வொரு குடும்பத்தையும், "அண்ணே கொஞ்சம் உள்ள வாங்க, பாப்பா இங்க பாரு" என்று எடுத்துத் தள்ளுபவர். கலைஞர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. நான் அவர் கட்சி. கண்ணிமையும் மெஹந்திக் கையும் மங்கலான பின்னணியில் மல்லிகையும் முதல் வருடம் நன்றாகத்தான் இருக்கும். இருபது வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது விரல் நிற்பது வேறிடத்தில்: "இது யாரு, நம்ம சித்தப்பாதானே? அப்ப எவ்ளோ தாட்டியா இருந்தாரு." அந்தச் சித்தப்பாவை நேராக, வெளிச்சத்தில், முழு முகமாக எடுத்துவைத்தவர் ட்ரெடிஷனல்காரர்தான். இரண்டு பேரும் இருக்கட்டும். காசு குறைந்தால் முதலில் ட்ரெடிஷனலை வெட்டாதீர்கள்.

வெட்கப்பட வேண்டிய இடங்களும் உண்டு. பெண் அறை அதில் முதலாவது. "கெட்டிங் ரெடி" என்ற பெயரில், புடவை கட்டி முடிக்கும் முன்பே ஆண்கள் இரண்டு பேர் கேமராவோடு உள்ளே நிற்கிறார்கள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, பெண்ணுக்கும் பிடிக்கவில்லை, பேக்கேஜில் இருக்கிறது என்று இருவரும் சும்மா இருக்கிறார்கள். ஒருவரின் அந்தரங்க உடல்பகுதியை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கல்யாண கேமராவுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. கதவைத் தட்டு, கேள், பெண் உதவியாளரை அனுப்பு என்பதைச் சட்டம் சொல்லித்தானா தெரிய வேண்டும்? பெண் போட்டோகிராபர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். அவர்களை "லேடீஸ் சைடு" எடுக்க மட்டும் அழைக்கும் பழக்கத்தைப் போட்டோகிராபர் சங்கங்கள் உடைத்தால் நல்லது.

இரண்டாவது, நிறம். கறுப்பான பெண்ணை ஆல்பத்தில் வெளுப்பாக்கித் தருவது எழுதாத விதியாகிவிட்டது. கேட்காமலே செய்கிறார்கள். மாநிறத் தகப்பனுக்குப் பக்கத்தில் மாவு பூசிய மகள் நிற்கிறாள். சில வீட்டார் கேட்டே வாங்குகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வெளிச்சத்தைச் சரியாக வைத்துக் கறுப்புத் தோலின் மினுக்கை அப்படியே பிடிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். வெளுப்பாக்க மென்பொருளில் ஒரு தள்ளு போதும். வெளுத்துக் கொடுப்பவர் தம் வேலை தெரியாமையை மறைக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

இறந்துபோன அப்பாவை மேடையில் நிற்கவைக்கும் படங்கள் இப்போது செயற்கை நுண்ணறிவால் சுலபமாகிவிட்டன. இதை நான் குறை சொல்ல மாட்டேன். கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே ஸ்டுடியோக்காரர்கள் செத்தவரையும் இருப்பவரையும் ஒட்டி ஒரே படமாக்கிக் கொடுத்தார்கள். கேட்டு வாங்கியவர்களுக்கு அது ஒட்டுப்படம் என்று தெரியும். கேட்காமல் கண்ணைத் திறந்துவிடுவதும், வராதவரைச் சேர்ப்பதும், குரூப்பில் சம்பந்தியை மெலியவைப்பதும்தான் தப்பு.

இந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம்? இங்கே போட்டோகிராபர்களும் வீட்டாரும் ஒருசேரத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படத்தை எடுத்தவரைத்தான் அதன் ஆசிரியர் என்கிறது. ஆனால் 17ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. அதாவது எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் கல்யாணப் படம் உங்களுடையது. அதைத் தம் பக்கத்தில் விளம்பரமாகப் போட போட்டோகிராபர் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். எடுத்தவர் என்ற பெயருக்கு அவருக்கு 57ஆம் பிரிவில் தனி உரிமை உண்டு, அதை வீட்டாரும் மறுக்க முடியாது. பிரிட்டனில் இது தலைகீழ். பதிப்புரிமை எடுத்தவருக்கே; ஆனால் வீட்டுத் தேவைக்காக எடுக்கச் சொன்னவர் சம்மதிக்காமல் அதைப் பொதுவில் காட்டக் கூடாது என்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85ஆம் பிரிவு தடுக்கிறது. எந்த வழியில் சுற்றினாலும் முடிவு ஒன்றுதான்: கேட்காமல் போடாதே. நம் ஊரில் ஆல்பம் வீட்டுக்கு வரும் முன்பே ரீல்ஸ் ஊருக்குப் போய்விடுகிறது. எங்கோ கூட்டத்தில் நின்ற குழந்தையின் முகமும் சேர்ந்து போகிறது.

பாட்டு விஷயமும் ஏறக்குறைய இதே குழப்பம்தான். கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டு ஒலிப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. மத்திய அரசு 2023இல் அதை மறுபடி தெளிவுபடுத்தியது. மண்டபத்தில் போடுவதற்குத்தான் அந்த விலக்கு. அதே சினிமாப் பாட்டை வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றினால், பார்த்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டு மாமாவுக்கு நடுவில் சத்தம் நின்றுபோவதில் ஆச்சரியம் இல்லை.

காசுக்கு வருவோம். அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஆல்பத்தை ஒன்றரை வருடம் இழுத்தடிப்பவர்கள்மேல் வழக்குப் போட்டு, கட்டிய பணத்தையும் நஷ்டஈட்டையும் வாங்கியவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் குறை வைத்தால் அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று ஆணையம் கேட்கும். ஜிஎஸ்டி 18 சதவீதத்தைத் தவிர்க்கப் பில் வேண்டாம் என்று நாமே சொல்லியிருப்போம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

மறுபக்கமும் கேளுங்கள். ஐயாயிரம் படத்தை அனுப்பி, முந்நூறைப் பொறுக்கித் தாருங்கள் என்று போட்டோகிராபர் கேட்பார். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஆளுக்கொரு பட்டியலோடு எட்டு மாதம் கழிப்பார்கள். பிறகு ஆல்பம் லேட் என்பார்கள். முதலில் பேசியது இரண்டு நிகழ்ச்சி, நடந்தது நாலு. முந்தின இரவு ரிசப்ஷனில் பதினொன்றுக்கு விடுபட்டு, நாலரை மணி முகூர்த்தத்துக்கு மறுபடி வந்து நின்று, முடிந்ததும் தூங்காமல் அடுத்த ஊருக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இவர்கள். பாக்கிப் பணம் கேட்டால், "கல்யாணச் செலவு கழுத்த நெரிக்குது தம்பி, அடுத்த மாசம் பாப்போம்." கடைசிப் பந்தியில், சமையல்காரர்கள் அண்டாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அப்பளம் தீர்ந்த இலையில் இவர்கள் சாப்பிடுவதை எத்தனை மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். எந்தக் குடும்பத்தின் பந்தியை நூறு படம் எடுத்தார்களோ அந்தப் பந்தியில் இவர்களுக்கு இடமில்லை.

ட்ரோன் பற்றிச் சுருக்கமாக. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதை வருமானத்துக்காகப் பறக்கவிடுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும்; விமான நிலையத்தை ஒட்டிய வானத்துக்குத் தனிக் கட்டுப்பாடு. மீனம்பாக்கத்தைச் சுற்றி எத்தனை மண்டபம் என்று எண்ணிப் பாருங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லும் வீட்டாரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ப்ரீ-வெடிங் ஷூட்டில் விலை இன்னும் பெரிது. 2020 நவம்பரில் மைசூரு மாவட்டம் தலக்காடு பக்கம் காவிரியில் படகில் நின்று போஸ் கொடுத்த ஒரு ஜோடி கவிழ்ந்து விழுந்து இருவரும் இறந்தார்கள். கல்யாணத்துக்கு நாட்கள்தான் பாக்கி. அருவி, பாறை, ரயில் பாலம், கடலலை என்று இடம் சொல்பவர் பெரும்பாலும் போட்டோகிராபர்தான். "முடியாது" என்று சொல்வதும் அவர் தொழில்தான்.

அந்த "முடியாது" இன்னொரு இடத்திலும் வேண்டும். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நடத்துபவரை மட்டுமல்ல, துணைபோகிறவரையும் தண்டிக்கிறது. இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மண்டபக்காரர், சமையல்காரரோடு போட்டோகிராபரும் துணைபோனவராகக் கருதப்படலாம். பெண்ணின் முகத்தை எல்லாரையும்விடக் கிட்டத்தில் பார்ப்பவர் அவர். பதினாறு வயதா இருபதா என்று லென்ஸ் வழியாகத் தெரியாமல் போகாது. 1098க்கு ஒரு போன் போதும்.

இதையெல்லாம் யார் எழுதிவைப்பது? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொழில்முறை போட்டோகிராபர்களின் சங்கங்கள் நூறாண்டைக் கடந்தவை. உறுப்பினருக்கு நடத்தை விதிகள் வைத்திருக்கின்றன. நம் மாவட்டங்களிலும் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினத்தில் கேக் வெட்டுகிறார்கள், ரத்ததானம் செய்கிறார்கள், கூலி குறைத்து எடுப்பவரைக் கண்டிக்கிறார்கள். ஒரே ஒரு பக்கத்தில், தமிழில், எல்லா உறுப்பினரும் பயன்படுத்தும் ஒப்பந்தப் படிவத்தையும் அவர்களே அச்சடிக்கலாம். வருபவர் பெயர், நிகழ்ச்சிகள், மணிக்கணக்கு, படங்கள் எத்தனை நாளில், ஆல்பம் எத்தனை நாளில், எத்தனை மாதம் பிரதி வைத்திருப்பார், பக்கத்தில் போட அனுமதி உண்டா இல்லையா, உடம்புக்கு முடியாமல் போனால் மாற்று யார். இவ்வளவுதான். பெயர்ப்பலகை செய்த வேலையை இனி இந்தக் காகிதம்தான் செய்ய முடியும்.

சங்கம் அச்சடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் அந்த எட்டு விஷயத்தையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தன்று தாலி ஏறியதும், முதல் பந்தியில் அவர்களுக்கும் இலை போடச் சொல்லுங்கள்.